நிலத்தடி வடிகால்: குழாய் வாங்குமுன் செய்ய வேண்டியவை

நீரைப் பாய்ச்சும் முறையை நம் உழவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. மிகுந்த நீரை வடிக்கும் முறையிலோ நாம் போதிய கருத்துச் செலுத்துவதில்லை. வாய்க்கால் கசிவினாலும் மேட்டு வயல்களின் ஊறலினாலும் தாழ்ந்த நிலங்கள் ஓதம் பிடிக்கின்றன. கரும்பும் வாழையும் வேர் அழுகி வெளிறி நிற்கின்றன. நாளடைவில் உப்புப் பூத்து, விளைந்த நிலம் கரம்பாகி விடுகிறது. துளையிட்ட குழாய்களை நிலத்தினடியில் பதித்து நீரை வெளியேற்றுவது இதற்குரிய பரிகாரங்களுள் ஒன்று. முன்னாளில் சுட்ட மண் குழாய்கள் பயன்பட்டன. இப்பொழுது பிளாஸ்டிக் குழாய்கள் பயன்படுகின்றன.

எமது வட்டாரத்தில் ஓர் உழவர் கடன் பெற்றுக் குழாய் வாங்கிப் பதித்து முடித்தார். குழாயின் வாய் ஓடையின் மழைக்கால நீர்மட்டத்துக்குக் கீழே அமைந்துவிட்டது. மழை வந்ததும் ஓடை நீரே குழாய் வழியாக வயலுக்குள் ஏறியது. செலவும் வீண், பயிரும் வீண். முன்னரே சென்று மட்டம் பார்க்கத் தவறிய குறையில் எமக்கும் பங்குண்டு. ஆகவே இதனை எழுதலானோம்.

முதலாவதாக, நோயின் காரணத்தை அறிதல் வேண்டும். தூர்ந்த வடிகாலை வெட்டிச் சீர்செய்தாலோ, அளவறிந்து நீர் பாய்ச்சினாலோ பல இடங்களில் குழாய்க்கே வேலை இராது. அதன் பின்னும் ஓதம் நீங்காவிடில், ஐந்தாறு இடங்களில் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, அதில் நிற்கும் நீரின் மட்டத்தை ஒரு பருவம் முழுவதும் குறித்து வரவேண்டும். மண் பரிசோதனையும் இன்றியமையாதது. களர் நிலத்தை ஜிப்சம் இட்டுத் திருத்தாமல் குழாய் மட்டும் பதித்தால் நீர் கீழே இறங்காது.

இரண்டாவதாக, நீர் விழும் இடத்தைத் தீர்மானித்தல் வேண்டும். குழாயின் வாய் வடிகாலின் வழக்கமான நீர்மட்டத்துக்கு ஓர் அடியேனும் மேலே இருத்தல் நலம். எலியும் தவளையும் புகாதவாறு அதற்குக் கம்பிவலை இடவேண்டும்.

மூன்றாவதாக, ஆழமும் வாட்டமும் இடைவெளியும். பெரும்பாலும் ஒரு மீட்டர் முதல் 1.2 மீட்டர் வரை ஆழம் போதுமானது. 100 மீட்டர் நீளத்துக்கு 10 முதல் 20 சென்டிமீட்டர் வாட்டம் வேண்டும். களிமண்ணில் குழாய்களை 10 முதல் 15 மீட்டருக்கு ஒன்றாக நெருக்கியும், மணற்பாங்கான மண்ணில் 30 மீட்டர் வரை அகற்றியும் பதிக்கலாம். வேலையைத் தாழ்ந்த முனையிலிருந்தே தொடங்க வேண்டும். இடையில் குழாய் தொய்ந்தால் அவ்விடத்தில் வண்டல் தங்கி அடைத்துக்கொள்ளும். நுண்மணல் புகாமலிருக்கக் குழாயைச் சுற்றிச் சரளையோ வடிகட்டும் துணியோ இடுதல் அவசியம். நெல்லை மாற்றிப் பயிரிடுவோர், வேண்டும்போது நீரை நிறுத்திக்கொள்ளக் குழாயின் வாயில் அடைப்பு அமைத்துக் கொள்வார்களாக.

இனி, பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருவர் வயலிலிருந்து வெளியேறும் நீர் உப்பையும் உரத்தையும் சுமந்து செல்கிறது. அது குடிநீர்க் குளத்திலோ அண்டை வயலிலோ விழுந்தால் ஊருக்குள் வழக்கு மூளும். ஹரியானா மாநிலத்தில் சமநிலமான பகுதிகளில் நீர் தானாக வடிய இடமின்மையால், அதனைத் தொட்டியில் சேர்த்துப் பம்பு வைத்து இறைத்தனர். அங்கே உழவர்கள் சங்கமாகக் கூடிப் பம்புகளை இயக்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. தனியொருவரால் தாங்கவியலாத பணி பலர் சேர்ந்ததால் கூடிற்று.

எனவே, மேல்வயற்காரரும் கீழ்வயற்காரரும் கிராம சபையில் கூடி, நீர் செல்லும் வழியையும் செலவுப் பங்கையும் எழுத்தில் முடிவு செய்துகொள்ள வேண்டும். பதித்த குழாய்களைப் புலப்படத்தில் குறித்து ஒரு பிரதியைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் வைக்கவேண்டும். மண் மூடியபின் குழாய் இருக்குமிடம் எவர் கண்ணுக்கும் தெரியாது. நம் மக்கள் நாளை அதைத் தேடும்போது அந்தப் படமே வழிகாட்டும்.