வண்ணத் தொலைக்காட்சியின் முதலாண்டு: அமெரிக்கா, 1954

1954ஆம் ஆண்டு சனவரி 1ஆந் திகதி, கலிபோர்ணியா மாகாணத்துப் பசடீனா நகரில் ஆண்டுதோறும் நிகழும் ரோசாப்பூ ஊர்வலம் புறப்பட்டது. பூக்களாலும் இதழ்களாலும் போர்த்தப்பெற்ற ஊர்திகள் ஒன்றன்பின் ஒன்றாய் வீதியிற் சென்றன. ஊர்வலம் புதியதன்று, அதனைக் காட்டிய விதமே புதியது. என்.பி.சி. என்னும் ஒளிபரப்பு நிறுவனம் அதனை வண்ணத்தில் நாடெங்கும் அனுப்பிற்று. இருபதுக்கு மேற்பட்ட நிலையங்கள் அதனைப் பெற்று ஒளிபரப்பின. ஆயினும் வண்ணக் கருவி அன்று கடைகளில் விற்பனைக்கு வரவில்லை. விற்பனைக் கூடங்களிலும் விடுதிகளிலும் வைக்கப்பட்ட சில பரிசோதனைக் கருவிகளின் முன்னே கூடியவர்கள் மாத்திரமே ரோசாவைச் சிவப்பாகக் கண்டனர். ஏனையோர் தத்தம் வீட்டிலிருந்த பழைய கருவியில் அதே ஊர்வலத்தைக் கறுப்பு வெள்ளையாகக் கண்டனர்.

“ஏனையோர் கண்டனர்” என்னும் அச்சிறு செய்தியை நாம் எளிதிற் கடந்துவிடலாகாது. வண்ணத்திற் புறப்பட்ட காட்சி வண்ணமறியாத கருவியிலும் பழுதின்றித் தெரிந்ததே அந்நாளின் உண்மையான அற்புதமாகும். மூன்றாண்டுகளுக்கு முன் நிலைமை இவ்வாறிருக்கவில்லை.

சி.பி.எஸ். நிறுவனத்தைச் சேர்ந்த பீற்றர் கோல்ட்மார்க் என்னும் பொறியியலறிஞர், சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறக் கண்ணாடிகள் பொருத்திய வட்டத்தட்டு ஒன்றைப் படக்கருவியின் முன்னும், அதனோடு ஒத்துச் சுழலும் மற்றொன்றைத் திரையின் முன்னும் வைத்து வண்ணப்படம் காட்டும் முறையொன்றை அமைத்தார். மூன்று நிறங்களும் மிக விரைவாக மாறி மாறி வருதலாற் கண் அவற்றைக் கலந்து ஒரே படமாகக் காணும். படம் அழகாகவே இருந்தது. ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் அமெரிக்கக் கூட்டாட்சித் தொடர்பு ஆணைக்குழுவும் 1950 ஒக்டோபரில் அதனை அங்கீகரித்தது. போட்டி நிறுவனமாகிய ஆர்.சி.ஏ. உயர்நீதிமன்றம் வரை சென்று வழக்காடியுந் தோற்றது. 1951 யூன் 25ஆந் திகதி நியூயோர்க்கிலிருந்து அம்முறையில் வணிக ஒளிபரப்புத் தொடங்கிற்று.

ஆனால் ஒரு பெருங்குறை இருந்தது. பழைய கருவிகள் 525 வரிகளாலான படத்தை வாங்குவதற்கென அமைந்தவை. சி.பி.எஸ். வண்ணப்படமோ 405 வரிகளையுடையது. அதன் வேகமும் வேறு. ஆகவே அதனைப் பழைய கருவியில் உள்ளவாறே காண இயலாது. அக்காலத்தில் அமெரிக்க வீடுகளில் ஒரு கோடிக்கு மேற்பட்ட கருவிகள் இருந்தன. அவற்றுட் பல தவணைப் பணத்தில் வாங்கப்பட்டவை. வண்ண ஒளிபரப்பு நிகழும் நேரமெல்லாம் அக்கருவிகள் குருடாயின. காண்பார் இன்மையால் விளம்பரம் தருவாரும் இலராயினர். அவ்வாண்டு ஒக்டோபரில், கொரியப் போரை முன்னிட்டு மூலப்பொருள்களைச் சேமிக்க வேண்டுமென அரசாங்கம் கேட்டுக்கொள்ள, வண்ணக் கருவி செய்தல் நிறுத்தப்பட்டது. அவ்வேண்டுகோள் சி.பி.எஸ். நிறுவனத்துக்கு இடராக வந்ததோ, மானங்காக்கும் திரையாக வந்ததோ என எண்ணுதற்கு இடமுண்டு. போர் ஓய்ந்த பின்னும் அந்த வட்டத்தட்டு மீண்டு சுழலவில்லை.

இதற்கிடையில் ஆர்.சி.ஏ. பொறியியலாளரும், உற்பத்தியாளர் பலர் கூடிய தேசியத் தொலைக்காட்சி முறைக் குழுவும் வேறு வழி தேடினர். புதிய வண்ணப்படம் பழைய கருவியிலுந் தெரிதல் வேண்டும். பழைய படம் புதிய கருவியிலுந் தெரிதல் வேண்டும். இதுவே அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட கட்டளை. இதனை வறியார்பாற் கொண்ட இரக்கமெனக் கொள்ளுதல் பிழையாகும். ஆர்.சி.ஏ. தலைவர் டேவிட் சார்னொவ் கறுப்பு வெள்ளைக் கருவிகளைப் பெருந்தொகையாகச் செய்து விற்றவர். தாம் விற்ற பொருள் பயனற்றுப் போவதை எவ்வணிகர் விரும்புவர்? நோக்கம் எதுவாயினும், விளைந்த பயன் தவணைப் பணம் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளியின் வீட்டையும் காத்தது. 1953 திசம்பர் 17ஆந் திகதி ஆணைக்குழு தன் முந்திய தீர்ப்பை மாற்றி இம்முறையை ஏற்றது. பசடீனா ஊர்வலம் அதற்குப் பதினைந்து நாட்களின் பின்னர் வந்தது.

இம்முறை இயங்கும் வகையைச் சிறிது ஆராய்வோம். தொலைக்காட்சிப் படம் ஓவியம்போல் ஒருங்கே வருவதன்று. அது வரிவரியாக அரியப்பட்டு, வினாடிக்கு முப்பது முழுப்படம் என்னும் கணக்கில் அனுப்பப்படுவது. வண்ணப் படக்கருவி காட்சியைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றாகப் பிரிக்கின்றது. பின்னர் இம்மூன்றையும் முறையே நூற்றுக்கு 30, 59, 11 என்னும் அளவிற் கலந்தால் கறுப்பு வெள்ளைப் படத்துக்குரிய ஒளியளவு கிடைக்கும். பச்சைக்கு மிகுதியும் நீலத்துக்குச் சிறிதும் இடம் தந்தது, நம் கண் அவ்வவ் ஒளியை அவ்வவ்வளவே பிரகாசமாக உணர்வதனாலாகும். இவ்வொளிச்சைகையே முதன்மையானது. பழைய கருவி இதனை மாத்திரம் பெற்று மனநிறைவு கொள்ளும்.

இனி நிறத்தை எங்கே வைப்பது? ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒதுக்கப்பட்ட இடம் ஆறு மெகாசைக்கிள் அகலமுள்ள பட்டையே. அது முன்னரே நிறைந்திருந்தது. அங்கேதான் மனிதக் கண்ணின் இயல்பொன்று துணைக்கு வந்தது. கண் ஒளியின் நுண்மையைக் கூர்ந்தறியும். நிறத்தின் நுண்மையை அவ்வளவு அறியாது. சிறு பிள்ளை சித்திரப் புத்தகத்திற் கோட்டைத் தாண்டி வண்ணம் தீட்டினாலும், கோடு தெளிவாயிருப்பின் யானை யானையாகவே தோன்றும். ஆகவே நிறச்செய்தியைக் குறைந்த நுட்பத்தோடு அனுப்பினாற் போதும் எனக் கண்டனர். ஒளிச்சைகையை ஆராய்ந்தபோது, அதன் ஆற்றல் பட்டை முழுவதும் ஒரு சீராய்ப் பரவாது, சீப்பின் பற்கள்போல் இடைவெளி விட்டு விட்டு நிற்பதும் தெரியவந்தது. ஏறக்குறைய 3.58 மெகாசைக்கிள் மீடிறனுடைய துணைக்காவி அலையொன்றை ஆக்கி, அவ்விடைவெளிகளுள் நிறத்தைப் புகுத்தினர். அவ்வலையின் அவத்தை எந்நிறம் என்பதைச் சொல்லும். அதன் வீச்சம் அந்நிறம் எத்துணை அடர்த்தியானது என்பதைச் சொல்லும்.

இலக்கணம் கற்பிப்போனுக்கு இது புதுமையாகத் தோன்றவில்லை. உயிர்மெய்யெழுத்தில் உயிர் தனக்கென வேறிடம் கொள்ளாது மெய்யின்மேல் ஏறி நிற்கின்றதன்றோ? ஒளிச்சைகை மெய், நிறச்சைகை உயிர். உயிரைப் படிக்க அறியாத பழைய கருவி மெய்யை மட்டும் படித்து மேலே சென்றுவிடும்.

இவ்வொட்டுக்கு ஒரு சிறு விலையுங் கொடுக்க வேண்டியிருந்தது. நிறத்தின் துணைக்காவியும் ஒலியின் காவியலையும் ஒன்றோடொன்று கலந்து திரையிற் கோலமிடும் என்னும் அச்சம் எழுந்தது. ஒலியின் இடத்தை மாற்றினாற் பழைய கருவிகள் கெடும். எனவே படத்தின் வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தனர். வினாடிக்கு 30 என்பது 29.97 ஆயிற்று. பழைய கருவிகள் இம்மாற்றத்தை உணராமலே உடன் சென்றன.

வாங்கும் கருவியோ எளிதாக அமையவில்லை. ஆர்.சி.ஏ. வண்ணக் குழாயினுள் மூன்று இலத்திரன் துப்பாக்கிகள் இருந்தன. திரையிற் சிவப்பு, பச்சை, நீலம் என ஒளிரும் பொட்டுக்கள் மும்மூன்றாகப் பல இலட்சம் பதிக்கப்பட்டன. திரைக்குச் சற்று உள்ளே நுண்துளைகளையுடைய உலோகத் தகடொன்று நிறுத்தப்பட்டது. ஒவ்வொரு துப்பாக்கியின் கதிரும் துளைவழியே சென்று தனக்குரிய நிறப்பொட்டின்மேல் மாத்திரம் விழும். ஏனைய பொட்டுக்களைத் தகடு மறைக்கும். துளை மயிரளவு பிசகினும் நிறம் மாறிவிடும்.

1954 மார்ச்சில் இந்தியானா மாகாணத்துப் புளூமிங்டன் தொழிற்சாலையில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் சி.டி.–100 என்னும் கருவி உருவாயிற்று. விலை ஆயிரம் டொலர். வெஸ்டிங்கவுஸ் நிறுவனம் சற்று முன்னரே 1,295 டொலருக்குத் தனது கருவியை விற்பனைக்கு வைத்தது. தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவர் அந்நாளிற் கிழமைக்கு ஏறக்குறைய எழுபது டொலர் ஊதியம் பெற்றார். ஆயிரம் டொலர் என்பது அவர் மூன்று மாதத்துக்கு மேல் உண்ணாது உடாது உழைத்தாற் சேரும் பணம். அதனைக் கொடுத்து வாங்கினாலும் திரை 15 அங்குலக் குழாயளவே. கறுப்பு வெள்ளையில் 21 அங்குலக் கருவி அதனிலும் மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. பார்க்கவோ வாரத்திற் சில மணி நேர வண்ண நிகழ்ச்சிகளே இருந்தன. ஆண்டு முடியுமுன் ஆர்.சி.ஏ. விலையை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது. அப்படியும் அவ்வாண்டில் விலைப்பட்ட வண்ணக் கருவிகள் சில ஆயிரங்களே. கறுப்பு வெள்ளைக் கருவிகளோ எழுபது இலட்சத்துக்கு மேல் விற்பனையாயின.

செத்தெம்பர் 12ஆந் திகதி என்.பி.சி. பெரும் பொருட்செலவிற் பெற்றி ஹட்டன் என்னும் நடிகையைக் கொண்டு வண்ண இசை நாடகமொன்றை ஒளிபரப்பியது. அது எடுபடவில்லை. ஒக்டோபரில் வால்ட் டிஸ்னியின் தொடர் ஏ.பி.சி. வழியாகத் தொடங்கி நாட்டுப் பிள்ளைகளையெல்லாம் கவர்ந்தது. அதுவோ கறுப்பு வெள்ளை. ஆயினும் டிஸ்னி, தொடரின் புகழ்பெற்ற டேவி குறொக்கெற் கதையை வண்ணப் படச்சுருளிலேயே எடுத்து வைத்தார். பின்னாளில் அதனைத் திரையரங்குகளில் வண்ணமாகவே காட்டிப் பொருளீட்டினார். அவ்வாண்டின் தீர்க்கதரிசி யாரெனக் கேட்டால் அவரையே சுட்டலாம்.

எனினும் 1954ஆம் ஆண்டின் தொலைக்காட்சியை வரலாறு நினைவுகூர்வது பூ ஊர்வலத்துக்காகவுமன்று, இசை நாடகத்துக்காகவுமன்று. செனற் சபை உறுப்பினர் ஜோசப் மக்கார்த்தி, அரசாங்கத்தினுள்ளும் படையினுள்ளும் பொதுவுடைமைவாதிகள் மறைந்துள்ளனர் எனக் குற்றஞ்சாட்டி நாட்டையே அச்சத்தில் ஆழ்த்திய காலம் அது. மார்ச்சு 9ஆந் திகதி சி.பி.எஸ். நிலையத்தில் எட்வேட் மறோ அரை மணி நேர நிகழ்ச்சியொன்றில் மக்கார்த்தியின் சொற்களையும் செயல்களையும் அவர் வாயாலேயே எடுத்துக்காட்டினார். அந்நிகழ்ச்சிக்கான பத்திரிகை விளம்பரச் செலவை நிறுவனம் ஏற்காமையால் மறோவும் அவர் துணைவர் பிறெட் பிறெண்ட்லியும் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்தனர்.

ஏப்பிரல் 22 முதல் யூன் 17 வரை படைத்துறைக்கும் மக்கார்த்திக்கும் இடையிலான விசாரணை நடைபெற்றது. பெரிய நிறுவனங்கள் பகல்நேர விளம்பர வருவாயை இழக்க விரும்பவில்லை. சி.பி.எஸ். நேரடியாகக் காட்டவில்லை, என்.பி.சி. இரண்டொரு நாளில் விலகிற்று. இழப்பதற்குப் பகல் நிகழ்ச்சி அதிகம் இல்லாத ஏ.பி.சி., தூமொன்ற் என்னும் இரு சிறிய நிறுவனங்களே 36 நாட்களும் முழுமையாகக் காட்டின. அவற்றுள் தூமொன்ற் இரண்டாண்டில் மறைந்துபோயிற்று. யூன் 9ஆந் திகதி, தம் அலுவலகத்து இளைஞர் ஒருவரை மக்கார்த்தி பலரறியத் தூற்றியபோது, படைத்துறையின் வழக்கறிஞர் ஜோசப் வெல்ச், உமக்கு நாகரிக உணர்வே இல்லையா எனக் கேட்டார். அக்குரலின் நடுக்கத்தையும் அம்முகத்தின் வாட்டத்தையும் நாடே பார்த்தது. கறுப்பு வெள்ளையிற் பார்த்தது. திசம்பர் 2ஆந் திகதி செனற் சபை 67க்கு 22 என்னும் வாக்குகளால் மக்கார்த்தியைக் கண்டித்தது.

மூன்றாண்டுகளுக்கு முந்திய தீர்ப்பு நிலைத்து, வண்ணத்தை முன்னிட்டுப் பழைய கருவிகள் மெல்ல மெல்லக் குருடாக்கப்பட்டிருப்பின் அவ்விசாரணையை எத்தனை வீடுகள் கண்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கின்றேன்.

வண்ணம் பரவுவதற்கு மேலும் பல்லாண்டு சென்றது. 1966 இலையுதிர் காலத்திலேயே மூன்று பெரிய நிறுவனங்களும் தம் மாலைநேர நிகழ்ச்சிகளை முழுவதும் வண்ணமாக்கின. முகங்கள் சில வேளை பச்சையாகவும் ஊதாவாகவும் மாறும் குறையும் இருந்தது. அவத்தை வழியிற் பிறழ்தலே அதற்குக் காரணம். அதனை ஜேர்மனியில் வால்ரர் புரூக் வரிக்கு வரி அவத்தையைப் புரட்டி அனுப்பித் திருத்தினார். பால் என்னும் அத்திருத்திய முறையிலேயே 1982 பெப்ரவரி 15ஆந் திகதி தொடங்கிய நம் ரூபவாஹினி வண்ணத்தை அனுப்பிற்று.

அமெரிக்காவின் முழு ஆற்றல் நிலையங்கள் 2009 யூன் 12ஆந் திகதி பழைய முறையை நிறுத்தி எண்முறைக்கு மாறின. அந்நாள் வரை, 1950இல் வாங்கிய கருவி ஒன்று பழுதுபார்க்கப்பட்டு எங்கேனும் இயங்கியிருப்பின், அது எவ்வித இணைப்பும் இன்றி அன்றைய செய்தியைக் கறுப்பு வெள்ளையிற் காட்டியிருக்கும். அந்த 29.97 என்னும் எண் எண்முறைக்குள்ளும் தொடர்ந்து, இன்றும் அமெரிக்க ஒளிபரப்பில் வழங்குகின்றது.