நெல்லும் பதரும் தெரிந்த ரோபோ

ஏரிக்கரை ஊர்கள் – 17: புள்ளலூர்

மூன்று நிமிடம்தான் நேரம். அதற்குள் நாற்று நட வேண்டும், நெல்லை அள்ள வேண்டும், பதரை ஒதுக்க வேண்டும், நல்ல நெல்லாகப் பார்த்துக் குதிரில் சேர்க்க வேண்டும். அத்தனையையும் செய்ய வேண்டியவை இரண்டு ரோபோக்கள். 2024 ஆகஸ்டில் வியட்நாமின் குவாங் நின் மாகாணத்தில் நடந்த ஏபியூ ரோபோகான் போட்டியில் மாணவர்களுக்கு வைத்த வேலை இது. போட்டியின் தலைப்பே ‘அறுவடை நாள்’. வியட்நாமின் மலைச்சரிவுகளில் படிப்படியாக இறங்கும் வயல்களை மனதில் வைத்து விதிகளை எழுதியிருந்தார்கள். ஆசிய, பசிபிக் நாடுகளின் பொறியியல் மாணவர்கள் அதற்காக மாதக்கணக்கில் நெல் விவசாயம் படித்தார்கள்.

ஏரிக்கரை ஊர்களைப் பற்றிய தொடரில் வியட்நாமுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டத்திலும் நெல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். புள்ளலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் வரப்பில் நடந்துதான் வளர்கிறார்கள். ஆழமாக ஊன்றிய நாற்று தூர் கட்டத் தாமதமாகும், மேலாக வைத்தது தண்ணீரில் மிதந்துவிடும் என்பதை அவர்களுக்கு யாரும் கரும்பலகையில் எழுதிக் காட்டியதில்லை. பார்த்தே தெரிந்துகொண்டார்கள். நம் பள்ளிக்கூடங்கள் அந்த அறிவை மதிப்பெண்ணாக எண்ணுவதில்லை. குவாங் நின் போட்டியின் விதிப்புத்தகம் எண்ணியது. இந்த வாரம் புள்ளலூரில் நின்று ரோபோவைப் பற்றிப் பேச அதுதான் காரணம்.

விதிகளைக் கொஞ்சம் பார்ப்போம். ஒவ்வோர் அணிக்கும் இரண்டு ரோபோக்கள். முதலாவதை மாணவர் இயக்கலாம். இரண்டாவது முழுக்கத் தானே இயங்க வேண்டும். அது களத்தில் இறங்கிய பிறகு யாரும் அதற்குக் கட்டளை தர முடியாது. முதல் ரோபோ பன்னிரண்டு மாதிரி நாற்றுகளை எடுத்து, வரைந்திருக்கும் வட்டங்களில் சாயாமல் நிறுத்த வேண்டும். பிறகு நெல். நெல்லுக்குப் பதிலாகப் பந்துகள்: ஓர் அணிக்குச் சிவப்பு, மற்ற அணிக்கு நீலம். ஊதா நிறப் பந்து வந்தால் அது பதர். கடைசிப் பகுதியில் ஐந்து குதிர்கள் நிற்கும். ஒவ்வொன்றும் மூன்று பந்து கொள்ளும். இரண்டு அணிகளும் அதே ஐந்து குதிர்களில்தான் போட வேண்டும். ஒரு குதிர் நிறைந்து, அதில் குறைந்தது இரண்டு பந்து உங்கள் நிறமாக இருந்து, மேலே கிடப்பதும் உங்கள் நிறமாக இருந்தால் அது உங்கள் கணக்கு. அப்படி மூன்று குதிர்களைப் பிடித்தால் ஆட்டம் அந்த நொடியே முடிந்துவிடும். இரண்டு ரோபோவும் சேர்ந்து ஐம்பது கிலோவைத் தாண்டக் கூடாது.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. செய்து பார்த்தவர்களுக்கு எங்கே உதைக்கும் என்று தெரியும். கேமராவுக்கு ஊதாவும் நீலமும் பக்கத்துப் பக்கத்து நிறங்கள். கல்லூரி ஒர்க்‌ஷாப்பின் டியூப்லைட்டில் சரியாகப் பிரித்த ரோபோ, அரங்கத்தின் பெரிய விளக்குகளுக்குக் கீழே போனதும் நீலத்தைப் பதர் என்று ஒதுக்கிவிடும். பதரை ஆசையாக அள்ளிக்கொண்டு வரும். பந்தின் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலுமாக இருந்தால் ஒரே பந்து அதற்கு இரண்டு நிறமாகத் தெரியும். ஆகவே எந்தப் போட்டி அரங்கத்திலும் மாணவர்கள் முதலில் செய்வது விளக்குகளை அண்ணாந்து பார்ப்பது. பிறகு லேப்டாப்பைத் திறந்து நிறத்தின் எல்லைகளைத் திரும்பத் திரும்ப மாற்றுகிறார்கள். ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கிய மென்பொருளை நம்புகிற அணிகளும் உண்டு. அவர்களும் அரங்கத்தில் புதிதாகப் படம் எடுக்கத்தான் செய்கிறார்கள்.

களத்து மேட்டில் நெல் தூற்றுகிறவர் நிறத்தைப் பார்ப்பதில்லை. முறத்தை உயர்த்திக் காற்றுக்கு விடுகிறார். எடையுள்ளது நேராக விழுகிறது, எடையில்லாதது தள்ளிப் போகிறது. அறுவடை இயந்திரத்துக்குள் இருக்கும் விசிறியும் இதே வேலையைத்தான் செய்கிறது. போட்டிப் பந்துகளில் இந்த வித்தை பலிக்காது என்பது உண்மைதான். ஆனால் ஒன்றைப் பார்க்காமலேயே பிரிக்க முடியும் என்ற எண்ணம் ஒரு பொறியாளருக்குப் பெரிய சொத்து. கேமராவைத் தவிர வேறு வழியே யோசிக்காத மாணவர்களை நிறையப் பார்க்கிறோம்.

நடவு இயந்திரத்தையும் ஒருமுறை கிட்டப் போய்ப் பாருங்கள். பாய் நாற்றங்காலில் இரண்டு வாரம் வளர்ந்த நாற்றைப் பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டிக் கொண்டுவந்து அதன் சாய்வான தட்டில் வைப்பார்கள். தட்டு இடமும் வலமும் நகர்ந்துகொண்டே இருக்கும். கீழே இரும்பு விரல்கள் ஒரு சுழற்சியில் வந்து நாலைந்து நாற்றைக் கிள்ளி, சேற்றில் இறக்கி, விட்டுவிட்டு மேலே போகும். அந்த விரலின் பாதைதான் சூட்சுமம். அது சரியான வட்டத்தில் சுற்றினால் நட்ட நாற்றையே திரும்பி வரும்போது இழுத்துச் சாய்த்துவிடும். அதனால் பாதையைக் கோணலாக நீட்டி வடிவமைத்திருக்கிறார்கள்: இறங்கும்போது ஒரு வழி, ஏறும்போது வேறு வழி. நடவு செய்யும் பெண்களின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இதைத்தான் செய்கின்றன; ஊன்றியதும் விரல் நேராக மேலே வராது, கொஞ்சம் பின்னால் வாங்கி வெளியே வரும். குவாங் நின் களத்தில் பன்னிரண்டு நாற்றைச் சாயாமல் நிறுத்த ஒரு மாணவர் முதலில் யோசிக்க வேண்டியதும் இதுவே. பிடிப்பது எளிது, விடுவதுதான் கஷ்டம்.

இப்படிப் போட்டி வைத்துக் கற்றுக்கொடுக்கும் பழக்கம் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வேர் பிடித்தது. எம்ஐடி பேராசிரியர் வூடி ஃபிளவர்ஸ் 1970களில் வடிவமைப்பு வகுப்பு மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரியான பழைய சாமான் பொட்டலத்தைக் கொடுத்து, அதை வைத்தே இயந்திரம் செய்து மோதவிட்டார். யாரிடம் நல்ல பொருள் இருக்கிறது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. டோக்கியோவில் பேராசிரியர் மசஹிரோ மோரியும் மாணவர்களுக்குச் சின்ன பேட்டரியைக் கொடுத்து, அதன் சக்தியில் மட்டும் ஓடும் வண்டி செய்யச் சொன்னவர். அவருடைய முயற்சியிலிருந்து 1988இல் ஜப்பானின் என்எச்கே தொலைக்காட்சியில் ரோபோகான் தொடங்கியது. ஆசிய பசிபிக் நாடுகளின் போட்டியாக அது விரிந்தது 2002இல். முதல் ஆண்டு டோக்கியோவில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது ஜப்பான் அணி இல்லை. வியட்நாமின் ஹோ சி மின் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக அணி. அதற்குப் பிறகும் வியட்நாம் பலமுறை வென்றிருக்கிறது. பணக்கார நாட்டுப் பிள்ளைகள்தான் ரோபோ செய்வார்கள் என்று நினைப்பவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

இந்தியாவில் தூர்தர்ஷன் இதை நடத்துகிறது. 2008இல் புனேயில் ஆசியப் போட்டி நடந்தபோது நம் விதி எழுத்தாளர்கள் கிருஷ்ண ஜெயந்தி உறியடியை எடுத்துக்கொண்டார்கள். ரோபோக்கள் பானையில் வெண்ணெய் எடுத்தன. 2022இல் புதுதில்லியில் ஏழு கல்லை அடுக்கிப் பந்தால் கலைக்கும் விளையாட்டைக் கொடுத்தார்கள். கற்றுக்கொடுக்கிற இயந்திரவியல் எல்லா நாட்டுக்கும் பொது. சிக்கலை மட்டும் அவரவர் ஊரிலிருந்து எடுக்கிறார்கள். எனக்கு இந்தப் போட்டியில் மிகப் பிடித்த பகுதி இதுதான்.

போட்டி வழியாகக் கற்றதற்குத் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் குரோம்பேட்டை எம்ஐடியின் ஆளில்லா விமான அணியான தக்‌ஷா அணி. நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருந்ததால் செய்தி வீடுவீடாகப் போனது. 2018இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ‘மெடிக்கல் எக்ஸ்பிரஸ்’ போட்டியில் அவர்கள் இரண்டாம் இடம் பெற்றார்கள். எங்கோ தொலைவில் உடம்புக்கு முடியாமல் கிடக்கும் ஒரு மனிதனிடம் ஆளில்லா விமானம் போக வேண்டும் என்ற சூழலை வைத்த போட்டி அது. நடிகரின் பெயரைத் தாண்டி நான் கவனிப்பது அதற்குப் பின் நடந்ததை. அந்த அணியின் ட்ரோன்கள் 2020 கொரோனா காலத்தில் தெருக்களில் கிருமிநாசினி தெளித்தன. போட்டிக்காகப் பழகிய கை இரண்டே ஆண்டில் ஊருக்கு உதவியது.

புள்ளலூருக்குத் திரும்புவோம். வரலாறு படித்தவர்களுக்கு இந்த ஊர் 1780 செப்டம்பர் 10. ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் வில்லியம் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை இங்கே மடக்கினார்கள். மைசூர் ராக்கெட்டுகள் பறந்தன, கம்பெனியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின, பிடிபட்ட பெய்லி 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தார். இதை எல்லோரும் போர்க்கதையாகச் சொல்கிறார்கள். அந்த ராக்கெட்டின் குழாயைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. மைசூர்க் கொல்லர்கள் குழாயை இரும்பில் செய்தார்கள். இரும்பு அதிக அழுத்தம் தாங்கும். அதிக மருந்தை இறுக்கி அடைக்கலாம். ராக்கெட் தூரம் போகும். பின்னாளில் லண்டன் வுல்விச்சில் அதை ஆராய்ந்துதான் வில்லியம் காங்கிரீவ் தன் ராக்கெட்டைச் செய்தார். அமெரிக்காவின் வாலப்ஸ் தீவில் திப்பு படை ராக்கெட் விடும் ஓவியத்தைப் பார்த்ததை அப்துல் கலாம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் சொல்லியிருக்கிறார். பெயர் தெரியாத ஒரு பட்டறைக்காரரின் கை, இந்த மண்ணுக்கு மேலே பறந்து லண்டன் வரை போயிருக்கிறது.

இன்று இந்தச் சுற்றுவட்டாரத்து இளைஞர்கள் விடிவதற்குள் கம்பெனி பஸ்ஸில் ஏறி ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் போகிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்ததிலிருந்து இந்தப் பகுதி மாறிக்கொண்டே இருக்கிறது. கார் உடலுக்கு வெல்டிங் வைக்கும் ரோபோ கைகளுக்குப் பக்கத்தில் நம் பிள்ளைகள் நிற்கிறார்கள். பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ரோபோ நின்றுவிட்டால் அதைத் தொட அவர்களுக்கு அனுமதி கிடையாது. வேறு ஆள் வந்துதான் திறப்பார். அந்த வேறு ஆளாக நம் ஊர்ப் பெண்ணோ பையனோ ஆக வேண்டும் என்றால், எட்டாம் வகுப்பிலேயே ஒரு மோட்டாரைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2016இல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டம் தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை தருகிறது. தமிழக அரசு 2022 நவம்பரில் வானவில் மன்றத்தைத் தொடங்கி, கருத்தாளர்களைப் பரிசோதனைப் பொருட்களோடு அரசுப் பள்ளிகளுக்கு அனுப்புகிறது. அரசுப் பள்ளிகளுக்கான டிஎன் ஸ்பார்க் பாடத்திட்டத்தில் ரோபோட்டிக்ஸும் இருக்கிறது. என் கவலை வேறு. பெட்டியில் வரும் கிட்டை வாங்கி, படத்தைப் பார்த்து மாட்டி, ஓடவிட்டுக் கைதட்டி, திரும்பப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவதை ரோபோட்டிக்ஸ் என்று சொல்லக் கூடாது. துளை கோணலாகப் போக வேண்டும், சால்டரிங் விட்டுப்போக வேண்டும், போட்டி நேரத்தில் ஒரு கனெக்டர் கழன்று ரோபோ நட்ட நடுவில் நிற்க வேண்டும். ஏபியூ ரோபோகானில் இதற்கென்றே ‘ரீட்ரை’ என்று ஒரு விதி உண்டு: கேட்டு வாங்கி, ரோபோவைப் பின்னால் எடுத்துப் போய், மறுபடி தொடங்கலாம். கடிகாரம் மட்டும் நிற்காது. பரிசோதனைப் பொருள் உடைந்தால் பதில் சொல்ல வேண்டுமே என்று பயந்து பீரோவைப் பூட்டி வைக்கும் ஆசிரியருக்கும் இப்படி ஒரு விதி எழுதித் தர வேண்டும்.

அதனால் நான் கேட்பது, இந்தப் பக்கத்து அரசுப் பள்ளிகளுக்குள் ஒரு போட்டி. பணத்துக்கு வழி இருக்கிறது: 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், ஸ்ரீபெரும்புதூரில் அப்படிப்பட்ட நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை. பரிசுத் தொகையைவிட, ஒரு பெஞ்சு, ஒரு வைஸ், டிரில் மெஷின், மல்டிமீட்டர், வெளியே தள்ளும் பழைய மோட்டார்கள், சனிக்கிழமை வந்து உட்கார ஒரு மெயின்டனன்ஸ் டெக்னீஷியன் என்று கேட்டு வாங்கினால் போதும். விதிகளை எழுத வெளியூர் நிபுணர் வேண்டாம். ஏரிப் பாசனச் சங்கத்துக்காரர், நடவுக் குழுத் தலைவி, அறுவடை மெஷின் டிரைவர் மூவரையும் பள்ளியில் உட்காரவைத்தால் ஒரு மாலையில் எழுதிவிடலாம்.

அவர்களுக்கு என் பங்காகச் சில விதிகள். களம் சமதளமான பலகையாக இருக்கக் கூடாது. ஒரு பகுதியில் நிஜமான சேறு வேண்டும், கணுக்கால் ஆழத்துக்கு. ரோபோ வரப்பின் மேல் பத்தடி போக வேண்டும், வரப்பு உடைந்தால் மதிப்பெண் குறையும். பதர் பிரிக்கும் சுற்றில் கேமரா வைக்காத அணிக்குக் கூடுதல் மதிப்பெண். கடையில் வாங்கிய ஒவ்வொரு பாகத்துக்கும் ரசீது காட்ட வேண்டும், மொத்தம் எவ்வளவு ஆகலாம் என்பதை மூவரும் பேசி முடிவு செய்யட்டும். எடை வரம்பு பத்து கிலோ: எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தானே தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறக் கூடியதாக இருக்க வேண்டும்.