சராசரி ரூ.7,000 லாபம்... நம்பி கடன் வாங்கலாமா? ஆன்லைன் புள்ளியியல் பாடம் கற்றுத்தரும் கணக்கு

மேட்டுப்பாளையத்தில் வாழைத்தார் ஏலம் நடக்கும் மண்டிகளில் ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரியும். முகூர்த்த நாள் நெருங்கினால் தார் விலை ஏறும். ஆடி பிறந்தால் கல்யாண ஆர்டர் நின்றுபோகும். இந்த ஏற்ற இறக்கத்தை அளந்து பார்க்கும் கலைதான் புள்ளியியல். ஆனால், பள்ளியில் அதைச் சூத்திரமாக மனப்பாடம் செய்து, பரீட்சையோடு மறந்தவர்களே அதிகம்.

சராசரி எங்கே ஏமாற்றும்?

உதாரணத்துக்கு, அதே ஊரில் ஒரு வாழைப்பழக் கடை என்று வைத்துக்கொள்வோம்.

“ஏனுங்கண்ணா, ஒரு நாளைக்கு எவ்வளவுங்க நிக்கும்?” என்று கேட்கிறார் ஒரு கல்லூரி மாணவர்.

“சராசரியா ஏழாயிரம் நிக்குதுங்க தம்பி.”

கடைக்காரரின் நோட்டில் ஏழு நாள் லாபம் இப்படி இருக்கிறது: 2,000, 2,500, 2,500, 3,000, 3,000, 3,500, 32,500. மொத்தம் 49,000. ஏழால் வகுத்தால் 7,000. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால், 7,000 ரூபாய் நின்ற நாள் ஒன்றுகூட இல்லை. ஏறுவரிசையில் நடுவில் நிற்கும் எண் 3,000. இதற்குப் பெயர் ‘இடைநிலை’. சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று சொல்வது இதுதான். 32,500 என்பது பெரிய முகூர்த்த நாள் வியாபாரம்.

இப்போது, 7,000 ரூபாயை நம்பி, தினம் 5,000 ரூபாய் கட்டும் தவணையில் வண்டி வாங்குகிறார் என்றால்? முகூர்த்தம் உள்ள வாரத்தில் 35,000 கட்டியும் 14,000 மிஞ்சும். ஆடியில் அந்த ஏழாவது நாளும் 3,000தான் என்றால், வார லாபம் 19,500. கையைக் கடிக்கும் தொகை 15,500 ரூபாய்!

இதை ஆன்லைனில் கற்க முடியுமா?

முடியும். ஐஐடி மெட்ராஸ் 2020 ஜூனில் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்பு, 2022இல் நான்காண்டு பி.எஸ். பட்டமாக விரிந்தது. இதில் சேர ஜேஇஇ தேவையில்லை. நான்கு வாரம் பாடம் படித்து, தகுதித் தேர்வில் தேறினால் போதும். அந்தத் தேர்வின் நான்கு பாடங்களில் ஒன்று புள்ளியியல். அதை நடத்துபவர் ஐஐடியின் மேலாண்மைத் துறைப் பேராசிரியர் உஷா மோகன். தரவின் வகைகள், வரைபடம், சராசரி, இடைநிலை என்று தொடங்கி நிகழ்தகவு வரை பாடம் போகிறது.

டிப்ளமா கட்டத்தில் தொழில் சார்ந்த தரவு மேலாண்மை என்ற பாடமும், அதற்கான புராஜெக்டும் உண்டு. மாணவர் ஒரு தொழில் நடக்கும் இடத்துக்குப் போய், உரிமையாளரிடம் பேசி, உண்மையான கணக்கை வாங்கி அலசி அறிக்கை தர வேண்டும். மளிகைக் கடையோ மண்டியோ, எதுவும் பாடப் புத்தகமாகலாம்.

ஏன் இந்த முறை?

அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2005இல் வெளியிட்டு, 2016இல் திருத்திய கல்லூரிப் பாட வழிகாட்டுதல் இதையேதான் வலியுறுத்துகிறது: சூத்திரத்தைவிடக் கருத்துப் புரிதல் முக்கியம், நோக்கமும் பின்னணியும் உள்ள நிஜத் தரவைக் கையாள வேண்டும், கணக்குப் போடும் வேலையைக் கணினியிடம் விட்டு, மாணவர் யோசிக்க வேண்டும்.

அப்போ பிரச்சினையே இல்லையா?

இருக்கிறது. ஆன்லைனில் சேர்வது சுலபம், முடிப்பது கஷ்டம். ஹார்வர்ட், எம்ஐடி பல்கலைக்கழகங்களின் ஆன்லைன் படிப்புகளை ஆராய்ந்து 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த கட்டுரையின்படி, 2017-18இல் பதிவு செய்தவர்களில் முடித்தவர்கள் 3.13% மட்டுமே. பணம் கட்டிச் சான்றிதழுக்குப் பதிவு செய்தவர்களில் அது 46%.

இந்த இரண்டு எண்களையும் கவனமாகப் படிக்க வேண்டும். பணம் கட்டியதால்தான் முடித்தார்களா, முடிக்கும் உறுதி இருந்ததால் பணம் கட்டினார்களா? சதவீதம் மட்டும் இதற்குப் பதில் சொல்லாது. ஐஐடி படிப்பில் வாராந்திர அசைன்மென்ட்டுக்குக் கெடு உண்டு. தேர்வை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். வீடியோவை ஓடவிட்டு மட்டும் தேற முடியாது.

என்ன கேட்க வேண்டும்?

‘ஆவரேஜ் பேக்கேஜ் இவ்வளவு’ என்று கல்லூரி விளம்பரம் சொன்னாலும், ‘சராசரி லாபம் இவ்வளவு’ என்று முதலீட்டு நிறுவனம் சொன்னாலும் மூன்று கேள்விகள் போதும்:

1. இடைநிலை எவ்வளவு?
2. மிகக் குறைந்தது எவ்வளவு, மிக அதிகம் எவ்வளவு?
3. யாரை, எந்தக் காலத்தை எண்ணினார்கள்? யாரை விட்டார்கள்?

வாழைப்பழக் கடையில் அந்த மாணவர் கேட்க வேண்டிய அடுத்த கேள்வியும் இதுதான்: “ஆடி மாசத்து நோட்டு இருக்குங்களாண்ணா?”