பல் பளிச்சுனு ஆகணுமா? பணம் கட்டும் முன்...

கல்யாணத் தேதி குறிச்சாச்சு, போட்டோவில் பல் வெள்ளையாகத் தெரியணும் என்று செல்போனில் தேடுகிறீர்களா? முதலில் கறை எந்த வகை என்று கேளுங்கள். டீ, வெற்றிலை, புகையிலைக் கறை பெரும்பாலும் பல்லின் மேலேதான் படியும். பல் சுத்தம் செய்தாலே நன்றாகக் குறையும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தண்ணீரில் உள்ள ஃபுளோரைடால் சிறுவயதிலேயே வரும் பழுப்புக் கறை அப்படியில்லை. அது எனாமலுக்குள் இருப்பது, சுத்தம் செய்தால் போகாது.

ப்ளீச்சிங் செய்தால் சிலருக்குக் கொஞ்ச நாள் பல் கூசும். ஏற்கெனவே போட்ட கேப் வெளுக்காது. பக்கத்துப் பல் வெளுத்து, கேப் மட்டும் தனியா தெரியும்.

'வெனீர்' போடலாம் என்றால் நிதானமா யோசிங்க. பெரும்பாலும் எனாமலைச் சிறிது தேய்த்துத்தான் ஒட்டுவார்கள். தேய்த்த எனாமல் திரும்ப வளராது. சில வருஷம் கழித்து வெனீரை மாற்றவும் வேண்டியிருக்கும்; அந்தச் செலவையும் இப்பவே கணக்கில் சேருங்க. ஒரு பல்லுக்கு எவ்வளவு, எக்ஸ்ரே அதில் அடக்கமா என்று எழுதி வாங்குங்க. மருத்துவர் தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்தவரா என்றும் பாருங்கள்.

சந்தேகம் தீரலையா? சென்னையில் இருப்பவர்கள், கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒருமுறை காட்டிவிட்டு முடிவெடுங்க.