இழுவை வண்டியும் எல்லை மலையும்

ஜீப்பின் பின்னால் பூட்டி இழுக்கும் முகாம் டிரெய்லர் வாங்கலாமா என்று சங்கத்து அன்பர்கள் கேட்பதுண்டு. முதலில் பாதையைப் பாருங்கள் என்பேன்.

கொழுக்குமலை நம் தேனி மாவட்டம். வண்டிப்பாதையோ இடுக்கியின் சூரியநெல்லி வழி. பாலக்காட்டுப் பரம்பிக்குளம் நேர்மாறு: கேரளத்துக் காடு, சாலை பொள்ளாச்சி, டாப்சிலிப் வழி. அது புலிகள் காப்பகம். நினைத்த இடத்தில் கூடாரம் போட முடியாது. கொழுக்குமலைக் கரட்டுப் பாதைக்கு உள்ளூர் ஜீப்பே சரி.

போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவில் டிரெய்லர் சக்கரம் ஜீப் தடத்துக்கு உள்ளடங்கி வரும்; இறக்கத்தில் பின்னிருந்து தள்ளும். பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் சூடேறிப் பிடிக்காது. சின்ன கியரிலேயே இறங்கணும். பாரத்தைப் பின்பக்கம் ஏற்றினால் வால் ஆடும். சுமார் பத்தில் ஒரு பங்கு கொக்கிமேல் அழுந்தணும். பிள்ளைகுட்டிகளோடு போகிறவர்களுக்கு, தனி பிரேக் இல்லாத டிரெய்லரை நான் சிபாரிசு செய்யமாட்டேன். இருப்பதைப் போடியிலேயே நிறுத்திவிட்டு ஏறுங்கள்.