கல்லிலே கண்ட இல்லறம்

நமது நாட்டில் புதுக் குடித்தனம் என்பது ஒரு கல்லின்மீது கால் வைத்தே தொடங்குகிறது. மணமகன், மணமகளின் பாதத்தைத் தன் கையால் பற்றி அம்மியின்மேல் வைக்கிறான். இக்கல்லைப் போல் இல்லறத்தில் உறுதியாக நிற்பாயாக என்பது அதன் கருத்து. அருந்ததி பார்த்து மணச்சடங்கு முடிந்த பின்னர், வீட்டு அம்மி அடுக்களைக்கே திரும்பி மிளகும் மஞ்சளும் அரைக்கத் தொடங்கிவிடும். அன்பிற்குச் சாட்சியாக நின்ற கல்லே அன்றாடச் சமையலுக்கும் துணை நிற்பதில் நம் முன்னோர் ஒரு பொருத்தத்தைக் கண்டனர்.

இன்றோ மின்சார அரவை இயந்திரம் வந்துவிட்டது. அம்மி கொல்லைப்புறம் சென்றது. அம்மி கொத்துவோரின் குரலும் தெருக்களில் அரிதாயிற்று. வீட்டிலே கல்லுக்கு இருந்த இடம் காலியாகக் கிடக்கிறது. அவ்விடத்தில், கணவனும் மனைவியுமாக இணைந்து நிற்கும் உருவம் ஒன்றை, கையால் செதுக்கிய கற்சிற்பமாக வைத்துக்கொள்ளலாகாதா என்ற கேள்வியை நம் அங்கத்தினர்முன் வைக்கிறோம். தறியையும் கழனியையும் நம்பி வாழும் நமக்கு வீட்டு அலங்காரம் எதற்கு என்று சிலர் வினவலாம். கை உழைப்புக்கு உரிய விலை யாது, அவ்விலையைக் காப்பவர் யார் என்னும் பெரிய விஷயம் இச்சிறு கேள்வியில் அடங்கியிருக்கிறது. ஆகவே சற்று விரிவாகவே கூறுகிறோம்.

செஞ்சியின் கற்கள்

செஞ்சியில் வாழ்வோர்க்குக் கல்லைப்பற்றி எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் வளைத்து எழுந்த நமது கோட்டை, 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. மராட்டியர் காலத்து அரண்கள் என்று சேர்க்கப்பெற்ற 12 கோட்டைகளுள் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ளது இஃதொன்றே.

கோட்டை எழுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னமே இவ்வட்டாரத்தார் கல்லைக் கைவசப்படுத்தியிருந்தனர். செஞ்சிக்கு அண்மையிலுள்ள திருநாதர்குன்றில் ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களின் உருவங்களை வரிசையாகச் செதுக்கினர். செஞ்சியிலிருந்து விழுப்புரம் செல்லும் வழிப் பக்கமுள்ள மண்டகப்பட்டிலே, முதலாம் மகேந்திரவர்மன் 7-ஆம் நூற்றாண்டில் ஒரு குடைவரைக் கோயிலை அமைத்தான். செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இன்றியே அதைச் செய்வித்ததாக அங்குள்ள கல்வெட்டு பெருமையுடன் கூறுகிறது. கோட்டையினுள் இருக்கும் வேங்கடரமணர் கோயிலின் தூண்கள் சில பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரிக்குச் சென்றன. அங்கே கடற்கரையில் காந்தியடிகளின் சிலையைச் சூழ்ந்து நிற்பவை செஞ்சித் தூண்களே என்பர்.

காதலின் நினைவும் இம்மலைகளுக்கு உண்டு. 1714-ஆம் ஆண்டில் தேசிங்கு ராஜன், ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானை எதிர்த்துப் போரிட்டு இளமையிலேயே மடிந்தான். அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள் என்றும், ராணிப்பேட்டை அவள் நினைவாக எழுந்த ஊர் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அக்கதையைக் கேட்டு உருகாத நெஞ்சம் இவ்வட்டாரத்தில் இல்லை. அக்கொடிய வழக்கம் ஒழிந்தது நன்றே. ஆயினும் மரணத்தில் முடிந்த அன்பை இவ்வளவு பாடிய நாம், நாற்பது ஆண்டு ஒன்றாக உழைத்து ஒரே திண்ணையில் அமர்ந்திருக்கும் தம்பதியின் அன்பிற்கு ஒரு கல்லும் நாட்டினோமில்லை. நம் மாவட்டத்துக் கல்லில் பெரும்பகுதி இன்று ஜல்லியாக உடைபட்டு லாரிக் கணக்கில் போய்க்கொண்டிருக்கிறது.

கல்வீட்டு நாடு

இல்லறத்து அன்பைக் கல்லில் வடித்து உலகப் புகழ் பெற்ற நாடொன்று உண்டு. ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலுள்ள ஜிம்பாப்வே அது. ஷோனா மொழியில் அப்பெயருக்குக் கல்வீடு என்பது பொருள். 11-ஆம் நூற்றாண்டு தொட்டு 15-ஆம் நூற்றாண்டு வரை அங்கே சாந்து பூசாமலே கல்லின்மேல் கல் அடுக்கிக் கட்டிய மாபெரும் மதில்கள் இன்றும் நிற்கின்றன. அங்குக் கிடைத்த மாக்கல் பறவை ஒன்றின் உருவமே அந்நாட்டுக் கொடியில் விளங்குகிறது.

எனினும் இன்று ஷோனா சிற்பம் என்று வழங்குவது அப்பழங்காலத்திலிருந்து அறாமல் வந்த மரபன்று. 1950களில் அது புதிதாகத் தளிர்த்தது. தளிர்க்கச் செய்தவர்களுள் முதல்வராகப் போற்றப்படும் ஜோராம் மரிகா (1927–2000) ஒரு விவசாயத் துறை ஊழியர். நம் ஊர்களில் முன்னாளில் விவசாய டிமான்ஸ்டிரேட்டர் என்று அழைத்தோமே, அத்தகைய உத்தியோகம். ந்யாங்கா என்னும் மலைப்பகுதியில் சாலை போடும்போது வெளிப்பட்ட மென்மையான பசுங்கல்லைக் கண்டு, முதலில் கிண்ணமும் தட்டும் போன்ற வீட்டுச் சாமான்களையே அவர் செய்தார். பின்னர், 1957-இல் தலைநகரில் திறக்கப்பெற்ற தேசியக் கலைக்கூடத்தின் தலைவர் ஃபிராங்க் மெக்யூவனின் தொடர்பு ஏற்பட்டது. அவர் அளித்த ஊக்கத்தால் மரிகா மனித உருவங்களில் கை வைத்தார். தாம் அறிந்ததைப் பிறர்க்கும் கற்பித்தார்.

இன்னொரு நிகழ்ச்சி நம் விவசாய அங்கத்தினர் கவனிக்கத்தக்கது. அந்நாட்டின் வடபகுதியில் டெங்கெனெங்கே என்ற இடத்தில் டாம் பிளோம்ஃபீல்ட் என்பவர் புகையிலை பயிரிட்டு வந்தார். 1965-இல் அங்கிருந்த வெள்ளையர் அரசாங்கம் தன்னிச்சையாகச் சுதந்திரப் பிரகடனம் செய்தது. அதனால் பிற நாடுகள் விதித்த தடைகள் புகையிலை வாணிகத்தை முடக்கின. அவருடைய நிலத்திலோ செதுக்குதற்கேற்ற கல் இருந்தது. 1966-இல் அவரும் அவர் பண்ணையில் வேலை செய்தோரும் உளியைக் கையிலெடுத்தனர். மலாவி, அங்கோலா, மொசாம்பிக் ஆகிய நாடுகளிலிருந்து கூலி வேலைக்கு வந்தோர் பலர் அங்கே சிற்பிகளாயினர். ஆகையால் ஷோனா சிற்பம் என்ற பெயரே முற்றும் பொருந்துவதன்று. பயிர் பொய்த்த இடத்தில் கல் கைகொடுத்தது. 1971-இல் பாரிஸ் நகரத்து ரோதேன் காட்சிச்சாலையில் இச்சிற்பங்கள் வைக்கப்பெற்றன.

அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் பெரும்பாலும் குடும்பமே. கன்னத்தோடு கன்னம் சேர்த்த இருவர், குழந்தையை அணைத்த தாய், ஒரே தோளில் ஒதுங்கிய முழுக் குடும்பம் என்று பலவாறாக அமைப்பர். இரண்டு உருவமானாலும் கல் ஒன்றே, ஒட்டு என்பதில்லை. சிலவற்றில் முகங்களை மட்டும் மெருகேற்றி, எஞ்சிய பகுதியை மலையில் கிடந்தபடியே கரடாக விட்டுவிடுவர். செர்ப்பென்டைன் என்னும் அக்கல், நாம் கல்சட்டி செய்யும் மாக்கல்லுக்கு உறவு. அதைவிடக் கடினம், நம் கருங்கல்லைவிட மென்மை. சுத்தியும் உளியும் அரமும் கொண்டு செதுக்கி, உப்புத்தாளால் நீர் விட்டுத் தேய்த்து, நெருப்பனலில் சூடேற்றி மெழுகு பூசுவர். அப்பொழுது கல்லின் உள்நிறம் எழுந்து ஒளிவிடும். இத்தகைய தம்பதி உருவங்களை அயல்நாட்டார் தம் வீட்டுக் கூடத்திலும் தோட்டத்திலும் விரும்பி வைத்துக்கொள்கின்றனர்.

நகலால் வந்த நலிவு

அக்கலை உயர்ந்ததற்கு ஒரு காரணம், ஒவ்வொரு சிற்பமும் இன்னார் செய்தது என்று பெயரோடு வெளிவந்தமை. ஒருவர் செய்ததைப் போல் மற்றொன்று இராது. அது தளர்ந்ததற்கான காரணமும் இதிலேயே உள்ளது. விலைபோன ஓர் உருவத்தைப் பார்த்து அதே உருவத்தைப் பலர் செய்யத் தொடங்கினர். சுற்றுலாப் பயணிகளுக்கென்றே அளவெடுத்தாற்போல் செய்யும் இச்சரக்கை மெக்யூவன் விமான நிலையக் கலை என்று இகழ்ந்தார். பெயரில்லாத காதலர் உருவங்கள் சாலையோரங்களில் வரிசையாக நின்றால், வாங்குவோன் விலையை மட்டுமே பார்ப்பான். எது கை நின்று செய்தது, எது கை ஓடிச் செய்தது என்று அவன் எங்ஙனம் அறிவான்?

நெசவாளருக்கு இது புதிய கதையன்று. ஒரு நல்ல கரையைக் கருத்தூன்றி அமைத்தால், அதே கரை விசைத்தறியில் ஓடி, கைத்தறி என்ற பெயரிலேயே பாதி விலைக்குக் கடைக்கு வந்துவிடுகிறது. அதனாலன்றோ 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியது; 1985-இல் கைத்தறிக்கென இரகங்களை ஒதுக்கும் சட்டம் பிறந்தது; 2006-இல் கைத்தறி முத்திரை வந்தது. கைவேலைக்கு அடையாளம் வேண்டும் என்று போராடிப் பெற்றவர்கள் நாம்.

நம் அயலிலுள்ள சிற்பிகள்

நம் வீட்டுக்கு வேண்டிய கற்சிற்பத்தைத் தேடி ஆப்பிரிக்கா செல்ல வேண்டுவதில்லை. மாமல்லபுரத்தில் உளியோசை ஓய்ந்ததில்லை. 1957-இல் அங்கே அரசாங்கம் தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் இன்று கல்லூரியாக விளங்குகிறது. 2017-இல் மாமல்லபுரத்துக் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கல்லைத் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு ஆண் கல், பெண் கல், இரண்டும் அல்லாத கல் என்று பிரித்தறியும் முறை நம் ஸ்தபதிகளுக்கே உரியது. மணியோசை தருவதை ஆண் தெய்வத்துக்கும், தாளவோசை தருவதைப் பெண் தெய்வத்துக்கும் கொள்வர்.

இல்லறக் காட்சிகளும் அங்கே உண்டு. ஆதிவராகர் குகையில் மகேந்திரன் தன் தேவியின் கையைப் பற்றி நிற்கிறான். ஒரு குரங்குக் குடும்பத்தில் பெண்குரங்கு குட்டிக்குப் பால் கொடுக்க, ஆண்குரங்கு அதற்குப் பேன் பார்க்கிறது. அரசனுக்கும் மந்திக்கும் பொதுவான அன்பைப் பண்டைச் சிற்பி அறிந்திருந்தான்.

நம் வீடுகளில் கல்விக்கிரகம் வைக்கப் பலர் தயங்குவர். நாள்தோறும் பூசையும் நைவேத்தியமும் தவறக்கூடாதே என்பது அவர்கள் அச்சம். அத்தயக்கம் மதிக்கத்தக்கதே. தெய்வ உருவமல்லாத, சாதாரணக் கணவன் மனைவியின் உருவத்துக்கு இவ்விதி ஏதும் இல்லை. ஏர் பிடித்தவனும் நாற்று முடி சுமந்தவளும், தறிக்குழியில் அமர்ந்தவனும் இராட்டையில் நூல் சுற்றுபவளும் கல்லில் எழுந்தால் அது நம் வீட்டுக்கே உரிய சிற்பமாகும். கேட்பவர் இருந்தால் செய்து தரச் சிற்பிகள் உள்ளனர்.

வாங்குவோர் கவனிக்க

கல்தூளைப் பிசினோடு கலந்து அச்சில் வார்த்த பொம்மைகள் கைச்சிற்பம் என்று விலைபோகின்றன. கணினி இயந்திரம் குடைந்தவையும் உண்டு. ஏமாறாதிருக்கச் சில குறிப்புகள்:

அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். உளி பட்ட தழும்பு அங்கே பெரும்பாலும் மறையாது. வார்ப்புப் பொம்மையில் அச்சு சேர்ந்த கோடு பக்கவாட்டில் ஓடும். சிறு காற்றுக்குமிழித் துளைகளும் தென்படலாம். கருங்கல் தொட்டால் குளிரும். பிசின் அவ்வாறு குளிராது. விற்பவர் அனுமதியோடு அடிப்புறத்தில் கத்தி முனையால் கீறினால் கருங்கல்லில் பள்ளம் விழாது. கருங்கல் ஒரு கன அடி சுமார் 75 கிலோ கனக்கும். ஓரடி உயரமும் அரையடி அகலமும் அரையடிப் பருமனும் கொண்ட கல் செதுக்குமுன் ஏறக்குறைய 19 கிலோ இருக்கும். செதுக்கியபின் குறையும் என்றாலும், ஒரு விரலால் தூக்க முடிந்தால் அது கல்லன்று. அதே உருவம் மயிரிழையும் மாறாமல் பத்துக் கிடைக்குமானால் அது கைவேலையன்று.

விலை கேட்கும்போது, எத்தனை நாள் வேலை என்றும் கேட்க வேண்டும். நாள்கூலி, கல்லின் விலை, உளி தீட்டும் செலவு, ஏற்றுகூலி ஆகியவற்றைக் கூட்டினால் நியாய விலை தானே விளங்கும். நம் புடைவைக்குக் கூலி கணக்கிடும் முறையும் இதுவேயன்றோ? மற்றொன்றும் கேட்கத்தக்கது. மின்சார அரவைச் சக்கரத்தால் கருங்கல்லை உலர்வாக அறுக்கும்போது எழும் நுண்தூசி நுரையீரலில் படிந்து, தீராத நோயைத் தரும். நீர் தெளித்து வேலை செய்வதும் முகக்கவசம் அணிவதும் செலவுள்ளவை. அச்செலவையும் சேர்த்தே விலை கொடுப்பவர்தாம் சிற்பியின் உயிருக்கு மதிப்புக் கொடுத்தவராவர்.

நம் கடமை

அங்கத்தினர் வீட்டுத் திருமணங்களில் பாத்திரமும் சுவர்க் கடிகாரமும் பரிசாகக் குவிகின்றன. நண்பர் பத்துப்பேர் சேர்ந்து ஒரு தம்பதி சிற்பத்தைப் பரிசளித்தால் அது பேரன் காலத்துக்கும் நிற்கும். சங்கங்கள் தம் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் துணிக்கண்காட்சியோடு சிற்பிகளுக்கும் ஓர் இடம் ஒதுக்கலாம். பல வீட்டார் தேவையைத் திரட்டி, முன்பணம் தந்து, நேராகச் சிற்பியிடமே செய்யச் சொல்லலாம். இடைத்தரகு இன்றி வாங்கும் வழக்கம் நமக்குப் பழகியதே. செய்தவர் பெயரையும் ஆண்டையும் அடிப்பாகத்தில் பொறிக்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையை மட்டும் மறவாமல் விதிக்க வேண்டும்.

கைத்தறி உடுத்துங்கள் என்று ஊராரை வேண்டுகிறோம். விளைபொருளுக்கு நியாய விலை தாருங்கள் என்று வாணிகரை வேண்டுகிறோம். அங்ஙனம் வேண்டுகின்ற நாமே நம் வீட்டு அலமாரியில் அச்சில் வார்த்த பொம்மையை வைத்திருந்தால், நம் சொல்லுக்கு வலிமை ஏது? ஒரு கையின் உழைப்பை மற்றொரு கை அறிந்து விலை கொடுப்பதே கூட்டுறவின் வேர். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பர். நம் அங்கத்தினர் வீடுகளில் ஆண்டுக்கு ஒரு வீட்டில் ஒரு கல் புகுந்தாலும் போதும். ஒரு சிற்பியின் உளி ஓயாமல் இருக்கும்.

கூட்டுறவே நாட்டுயர்வு!