இல்லாத பக்கத்துக்கு எப்படி இத்தனை இணைப்புகள்?

பேராக்கின் பழைய ரப்பர் தோட்டங்கள் பல இன்று பெயரளவில்கூட இல்லை. சில துண்டாடப்பட்டன, சில செம்பனைக்கு மாறின, சில வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அந்தத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய பெரியவர்களும் குறைந்து வருகிறார்கள். ஆகவே, 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் எந்தத் தோட்டத்தைப் பற்றி முதலில் எழுதுவது என்பது அவசரமான கேள்வி.

இதற்கு உதவத்தான் 'வேண்டிய பக்கங்கள்' பட்டியல் இருக்கிறது. இன்னும் எழுதப்படாத ஒரு பக்கத்துக்கு எத்தனை கட்டுரைகளிலிருந்து இணைப்பு உண்டு என்று அது எண்ணிக் காட்டும். ஆனால் அந்த எண்ணிக்கை நெடுங்காலம் நம்பத்தக்கதாக இருக்கவில்லை.

காரணம், வார்ப்புருக்கள். 1948 ஜூனில் தோட்ட நிர்வாகி ஒருவர் சுடப்பட்ட சுங்கை சிப்புட் எல்பில் தோட்டத்துக்குக் கட்டுரை இல்லை என்று வைத்துக்கொள்வோம். "பக்கம் இருந்தால் இணைப்புக் கொடு, இல்லையேல் வெறும் பெயரை எழுது" என்று வார்ப்புருவில் சொல்லலாம். அதற்குரிய கட்டளை 'இஃப்எக்ஸிஸ்ட்'. வாசகர் கண்ணுக்கு வெறும் பெயர்தான் தெரியும். மென்பொருளோ, கேட்டதையே இணைப்பாகப் பதிந்துவிடும். அந்த வார்ப்புரு நூறு ஊர்க் கட்டுரைகளில் இருந்தால் நூறு பொய் இணைப்புகள்!

பெரட்டுக் களத்தில் "அவன் வந்தானா?" என்று கிராணி விசாரித்த பெயர்களையெல்லாம் வேலை செய்தவர்களாகச் செக்ரோலில் எழுதிய கதைதான்.

அப்படியானால் பதியாமலே விட்டுவிடலாமே என்று தோன்றும். அது முடியாது. விக்கி ஒவ்வொரு பக்கத்தையும் ஒருமுறை தயாரித்துச் சேமித்து வைத்துக் காட்டுகிறது. நாளைக்கு எல்பில் கட்டுரை பிறந்தால், அதைப் பற்றி விசாரித்த பக்கங்கள் எவை என்று தெரிந்தால்தான் அவற்றைப் புதுப்பிக்க முடியும். குறிப்பு வேண்டும், ஆனால் அது வேறு ஏட்டில் இருக்க வேண்டும்.

2025இல் செய்த மாற்றம் அதுதான். 'இருக்கிறதா' என்ற விசாரணைகள் இப்போது தனி அட்டவணையில் பதிவாகின்றன. பழைய பதிவுகள் ஒரே நாளில் போய்விடுவதில்லை. அந்தந்தப் பக்கம் புதுப்பிக்கப்படும்போதுதான் நீங்கும். பழைய பதிப்பில் ஓடும் சொந்த விக்கித் தளங்களிலோ பழைய குழப்பமே தொடரும்.

இன்னொன்று, நம் ஊர்ப்பெயர்த் தொல்லை. இந்தச் சோதனை எழுத்துக்கு எழுத்து பார்க்கும். 'கோலகங்சார்' என்று கட்டுரை இருக்க, 'கோலா கங்சார்' என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும். ஈப்போவை இப்போ என்று எழுதுவோருக்கும் அதே கதி. மாற்று எழுத்துக்கு ஒரு வழிமாற்றுப் பக்கம் போட்டுவிட்டால் போதும், அதையும் இருக்கும் பக்கமாகவே மென்பொருள் ஏற்கும்.

ஒரு பக்கத்தில் இத்தகைய விசாரணைகள் 500ஐத் தாண்டினால், விக்கிப்பீடியாவில் மிச்சமெல்லாம் இல்லாத பக்கங்களாகவே கொள்ளப்படும். மாநிலத்தின் தோட்டங்கள் அனைத்தையும் ஒரே பட்டியலில் அடுக்க நினைப்பவர்கள் அதைப் பிரித்துப் போடுவது நல்லது.